தமிழகத்தில் வாகனம் ஓட்டப்போகும் கொழும்புக்காரர்களுக்கு: நெடுஞ்சாலை இலக்கங்களும் வழிகாட்டிப் பலகைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாங்கண்ணி, இராமேஸ்வரம், திருவண்ணாமலை, நாகூர் என்று போகிற கொழும்புக் குடும்பங்கள் வழமையாகச் சாரதியோடு வான் பிடித்துத்தான் போவார்கள். இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்தவர்கள் பலர், அங்கே போய் இறங்கி நாமே ஓட்டினால் என்ன என்று கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம். அங்கேயும் இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது பக்கம்தான், தூரம் கிலோமீற்றரில்தான். தடுமாற வைப்பது பலகைகள். எழுத்து தமிழில் இருப்பதால் வாசித்துவிடலாம். வாசித்த பிறகும் எந்தப் பக்கம் பிடிப்பது என்று விளங்காமல் சந்தியைத் தாண்டிவிடுவார்கள். போகும் வழியின் இலக்க வரிசையைக் கொழும்பிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கீழேயுள்ள பதில்களில் விளங்கும்.

இங்குள்ள எங்கள் காரைக் கொண்டுபோகலாமா?

அந்த யோசனையை விட்டுவிடுங்கள். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் பயணிகளுக்கானது. அங்கே போய் வாடகைக்கு எடுப்பதுதான் வழி. அதற்கு இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் வேண்டும். அதைக் கொழும்பிலுள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கலாம். இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது இலக்கத் தகட்டைப் பாருங்கள். சாரதி இல்லாமல் நீங்களே ஓட்டுவதற்குச் சட்டப்படி வாடகைக்கு விடப்படும் கார்களுக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் டாக்சி. வெள்ளைத் தகடு சொந்த வாகனம். வெள்ளைத் தகட்டுக் காரை வாடகைக்குத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விபத்து ஏதும் நடந்தால் காப்புறுதியில் சிக்கல் வரும்.

தேசிய நெடுஞ்சாலை (என்எச்) என்றால் நம்முடைய அதிவேக நெடுஞ்சாலை போலத்தானே?

இல்லை. இந்த நினைப்போடு ஓட்டுவது ஆபத்து. கொட்டாவையிலிருந்து காலிக்குப் போகும் ஈ01 பாதையில் மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ ஏற முடியாது. குறுக்கே யாரும் நடக்க முடியாது. நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் தனி வாயில்கள் உண்டு. தமிழகத்தின் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியாகவும் நடுவில் தடுப்போடும் இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவான வீதி. மோட்டார் சைக்கிள் வரும், ஆட்டோ வரும், டிராக்டர் வரும், மாடு கடக்கும். நடுத்தடுப்பில் விட்டிருக்கும் இடைவெளியில் உள்ளூர்க்காரர் யூ திருப்பம் எடுப்பார். அந்த இடைவெளிவரை போகச் சோம்பல்பட்டு உங்கள் பக்கத்திலேயே எதிரே வருகிறவரும் உண்டு.

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தைப் பார்த்ததும் நமக்கு ஈ01, ஈ03 நினைவு வரும். அங்கே சாதாரண தேசிய நெடுஞ்சாலையிலும் பெரிய வழிகாட்டிப் பலகைகள் பச்சையில்தான் இருக்கும். பச்சையைக் கண்டு மூடிய பாதை என்று எண்ணிவிட வேண்டாம்.

என்எச் 38, என்எச் 44, என்எச் 83 – இந்த எண்களுக்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?

உண்டு, அதுவும் நல்ல ஒழுங்கு. நமது ஏ வீதிகளின் முதல் நான்கும் கொழும்பை வைத்தே எண்ணப்பட்டவை: ஏ1 கண்டிக்கு, ஏ2 காலிப் பக்கம், ஏ3 புத்தளத்துக்கு, ஏ4 இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புக்கு. இந்தியா 2010இல் தேசிய நெடுஞ்சாலைகள் முழுவதற்கும் புதிய எண் கொடுத்தபோது எந்த நகரத்தையும் நடுவில் வைக்கவில்லை. திசையை வைத்தே எண்ணினார்கள்.

வடக்கு தெற்காகப் போகும் பாதைகளுக்கு இரட்டை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். சென்னையிலிருந்து கொல்கத்தாப் பக்கம் போவது 16. சென்னையிலிருந்து கடற்கரையோடு புதுச்சேரி, நாகப்பட்டினம், இராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு இறங்குவது 32. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்குப் போவது 36. வேலூரிலிருந்து திருவண்ணாமலை, திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குப் போவது 38. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை வரும் நாட்டின் மிக நீளமான பாதை 44. தமிழகத்துக்குள் அது ஓசூர், சேலம், நாமக்கல், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாக வருகிறது. மேற்குக் கடற்கரையில் மும்பைப் பக்கமிருந்து கேரளம் வழியாக இறங்குவது 66. ஒரு வரைபடத்தை எடுத்து விரலை வங்கக் கடலிலிருந்து அரபிக் கடலுக்கு நகர்த்துங்கள். எண்கள் ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

கிழக்கு மேற்காகப் போகும் பாதைகளுக்கு ஒற்றை எண். அது வடக்கிலிருந்து தெற்கே கூடும். சேலம்–உளுந்தூர்பேட்டை 79. அதற்குத் தெற்கே சிதம்பரம்–திருச்சி–கரூர்–கோயம்புத்தூர் 81. அதற்கும் தெற்கே நாகப்பட்டினம்–தஞ்சாவூர்–திருச்சி–திண்டுக்கல்–பழனி–கோயம்புத்தூர் 83. கொச்சி–மூணாறு–தேனி–மதுரை–தொண்டி 85. மதுரை–இராமேஸ்வரம்–தனுஷ்கோடி 87. இந்த ஐந்தையும் மனதில் வைத்திருந்தால், எந்தப் பலகையைக் கண்டாலும் தமிழகத்தின் எந்த உயரத்தில் நிற்கிறோம் என்று மட்டிட்டுவிடலாம்.

கவனிக்க ஒன்று: முழுப்பாதையின் திசையைப் பார்த்தே எண் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி போகும் 48 அங்கே மேற்கு நோக்கித்தான் ஓடுகிறது. ஆனால் அது டில்லியிலிருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னைக்கு வரும் பாதை என்பதால் இரட்டை எண்.

132, 336, 544 என்று மூன்று எண்கள் சேர்ந்து வருவது என்ன?

அவை கிளைகள். கடைசி இரண்டு எண்களும் தாய்ப்பாதையைக் காட்டும். 132 என்பது 32இன் கிளை, 336உம் 536உம் 36இன் கிளைகள், சேலம்–கொச்சி 544 என்பது 44இன் கிளை. பின்னால் ஏ, பி என்று எழுத்து சேர்ந்தும் வரும்.

இது வெறும் தகவல் அல்ல, வழி தவறினால் உதவும். 536இல் நிற்கிறீர்கள் என்றால் 36 அதிக தூரத்தில் இல்லை என்று துணிந்து நினைக்கலாம்.

நேராகத்தான் போனேன், இலக்கம் எப்படி மாறியது?

அதிகமானோர் குழம்புவது இங்கேதான். இலக்கம் தாருக்கு உரியதல்ல, பாதைக்கு உரியது. தார் நேரே போகும், இலக்கம் திரும்பிவிடும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் அம்பேபுஸ்ஸ. கொழும்பிலிருந்து ஏ1இல் போகிறவர் அங்கே ஏ6க்கு மாறினால்தான் குருநாகல், திருகோணமலை. ஏ1ஐயே பிடித்திருந்தால் கண்டி. தமிழகத்தின் அம்பேபுஸ்ஸ திண்டிவனம். சென்னை விமான நிலையத்தின் வாசலில் ஓடும் ஜி.எஸ்.டி. ரோடுதான் என்எச் 32. தாம்பரம், செங்கல்பட்டு தாண்டித் திண்டிவனம்வரை அதே எண். அங்கே 32 கடற்கரைப் பக்கம், புதுச்சேரிக்குப் பிரிகிறது. திருச்சிக்குப் போகிறவருக்குத் திண்டிவனம் தாண்டியதும் 132. விழுப்புரத்தில் அது முடிந்து 38 தொடங்கும். அதன் பிறகு உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர், மதுரை எல்லாம் 38தான்.

வாகனம் ஓட்டுகிறவருக்கு இது ஒரே அகலமான வீதி. அதற்குள் மூன்று எண்கள். 32ஐயே தேடிக்கொண்டு போகிறவர் புதுச்சேரிக் கடற்கரையில் போய் நிற்பார். 32, 132, 38 என்று தாளில் எழுதி, பக்கத்தில் திண்டிவனம், விழுப்புரம் என்று மாறும் ஊரையும் குறித்திருப்பவருக்கு அந்தக் குழப்பம் வராது.

ஊர்ப்பெயரையே பார்த்துப் போகலாமே என்று கேட்பார்கள். பலகையில் வருவது நீங்கள் போகும் ஊர் அல்ல, அந்தப் பாதையின் அடுத்த ஊரும் அதற்கப்பால் உள்ள பெரிய நகரமும்தான். சென்னையில் நின்றுகொண்டு இராமேஸ்வரம் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. திருச்சி, பிறகு மதுரை, பிறகு பரமக்குடி, இராமநாதபுரம் என்று படிப்படியாகத்தான் வரும்.

அங்குள்ளவர்களிடம் வழி கேட்டால் வேறு எண் சொல்கிறார்களே?

2010க்கு முந்தைய எண்களைச் சொல்கிறார்கள். சென்னை–திருச்சி–திண்டுக்கல் பாதை அன்று 45. இன்றும் அதை என்எச் 45 என்று சொல்பவர்கள் ஏராளம். சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போவது அன்று 7, இன்று 44. சென்னை–பெங்களூர் பக்கம் அன்று 4, இன்று 48. சேலம்–கொச்சி அன்று 47, இன்று 544. கொச்சி–மதுரை–தனுஷ்கோடி அன்று 49. இன்று மதுரைக்கு மேற்கே 85, இராமேஸ்வரப் பக்கம் 87. திருச்சி–இராமநாதபுரம் அன்று 210, இன்று 336உம் 536உம்.

கடைப் பெயர்ப்பலகைகளிலும் பழைய எண் இருக்கும். முகவரி கேட்கும்போது எண்ணை விட்டு, அடுத்த ஊர் எது என்று கேளுங்கள். தேநீர்க்கடையில் நிற்கிற அண்ணனோ அக்காவோ அதைச் சரியாகச் சொல்வார்கள்.

ஏஎச் 43 என்றும் ஒரு பலகை இருக்கிறதே?

அது ஆசிய நெடுஞ்சாலை இலக்கம். தேசிய எண்ணோடு கூடவே வரும், வழி பார்க்க உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பலகை அது. ஏஎச் 43 ஆக்ராவில் தொடங்கி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், கிருஷ்ணகிரி, மதுரை வழியாகத் தனுஷ்கோடிவரை வருகிறது. கடலுக்கு இந்தப் பக்கம் தலைமன்னாரில் மறுபடி தொடங்கி, கொழும்பு, காலி வழியாக மாத்தறையில் முடிகிறது. இடையில் பாலமும் இல்லை, வாகனக் கப்பலும் இல்லை. எண் மட்டும் கடலைத் தாண்டி வந்திருக்கிறது.

மைல்கற்களில் தலை மஞ்சள், பச்சை என்று இருப்பது அழகுக்கா?

இல்லை, அதுவே ஒரு மொழி. தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பலகையில் எஸ்எச் என்று வரும். சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை எஸ்எச் 49ஏ. கறுப்பு அல்லது நீலத் தலை மாவட்ட, நகரச் சாலைகளுக்கு. செம்மஞ்சள் என்றால் கிராமச் சாலை.

ஒரு கல்லைக் கிட்ட நின்று பாருங்கள். வளைந்த மஞ்சள் தலையில் கறுப்பில் பாதையின் எண். அதற்குக் கீழே வெள்ளையில் ஓர் ஊரின் பெயர், அதன் கீழ் எத்தனை கிலோமீற்றர் என்பது. நீங்கள் போகும் திசைக்குரிய ஊர்தான் உங்கள் பக்க முகத்தில் இருக்கும். எதிரே வருகிறவருக்கு மறுமுகத்தில் வேறு ஊர். ஆகவே சரியான பாதையில் பிழையான திசையில் போகிறீர்களா என்று அறியப் பச்சைப் பலகைவரை காத்திருக்க வேண்டாம், அடுத்த கிலோமீற்றர் கல்லே சொல்லிவிடும்.

மஞ்சள் தலையை எதிர்பார்த்துப் போகையில் தொடர்ந்து பச்சைத் தலைக் கற்கள் வந்தால் எங்கோ பிரிந்துவிட்டீர்கள். நிறுத்தி யோசியுங்கள்.

ஊருக்குள் போக வேண்டும், ஆனால் மேம்பாலம் எங்களை ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறது. என்ன செய்வது?

இலக்கம் புரிந்தவர்களும் இங்கே பிழை விடுவார்கள்.

நான்கு வழி நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலையாகவோ, ஊர்ச் சந்தியின் மேல் மேம்பாலமாகவோ போகும். மேம்பாலத்துக்கு முன்னரே இடது பக்கம் ஒரு ஒடுங்கிய வீதி பிரியும். அது அணுகுசாலை, பேச்சில் சர்வீஸ் ரோடு. ஊருக்குள் போகிறவர், வலப்பக்கம் திரும்ப வேண்டியவரும்கூட, முதலில் இடது பக்கமாக இந்தச் சாலையில் இறங்கிப் பாலத்தின் அடியில்தான் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலம் திரும்ப வேண்டும் என்று வலது ஓடுபாதையைப் பிடித்து நிற்பது நமது பழக்கம். அங்கே அப்படி நின்றால் நேரே பாலத்தில் ஏறிவிடுவீர்கள்.

பலகையில் இதை அம்புக்குறிகள்தான் சொல்லும். மதுரைப் பக்கம் போகையில் விராலிமலை வருகிறது என்று வையுங்கள். மேல்நோக்கி நேரே நிற்கும் அம்புக்குறியோடு மதுரை, இடது பக்கம் சாயும் அம்புக்குறியோடு விராலிமலை. சாய்ந்த அம்புக்குறியில் உங்கள் ஊர்ப்பெயரைக் கண்ட உடனேயே இடது ஓடுபாதைக்கு வந்துவிடுங்கள். பிரியும் இடத்திலேயே இன்னொரு பலகை இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டாம். இருந்தாலும் அதை லொறி மறைத்திருக்கும்.

அணுகுசாலையில் இறங்கும்போது வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள். அங்கே பஸ் நிற்கும், கடைக்கு வந்த மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், எதிர்த்திசையிலும் வாகனம் வரும்.

தவறிப்போனால் அப்படியே போய்க்கொண்டே இருங்கள். அடுத்த பாலத்தடியிலோ நடுத்தடுப்பு இடைவெளியிலோ திரும்பலாம். பின்னோக்கி எடுப்பதும், ஓரத்தில் எதிர்த்திசையில் ஓட்டுவதும் அங்கே பலர் செய்வதைப் பார்ப்பீர்கள். நீங்கள் செய்யாதீர்கள்.

பலகைகள் எந்த மொழியில் இருக்கும்?

தமிழகத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும். 2017இல் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்ட நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்தை எடுத்து ஹிந்தியில் எழுதியபோது அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. மொழிப் பலகை என்றால் என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்.

கேரள எல்லை தாண்டினால் மலையாளம், கர்நாடகத்தில் கன்னடம், ஆந்திராவில் தெலுங்கு. எங்கும் ஆங்கிலம் கூட இருக்கும். ஊர்ப்பெயர்களுக்கு இரண்டு வடிவம் இருப்பதையும் பழகிக்கொள்ளுங்கள்: திருச்சிராப்பள்ளி–திருச்சி, கோயம்புத்தூர்–கோவை, புதுச்சேரி–பாண்டிச்சேரி, உதகமண்டலம்–ஊட்டி.

எச்சரிக்கைப் பலகைகள் வேறா?

வடிவம் வேறு. நம் நாட்டில் எச்சரிக்கைப் பலகை மஞ்சள் நிறத்தில் வைர வடிவம். அங்கே சிவப்பு ஓரமுள்ள முக்கோணம். உள்ளே இருக்கும் படங்கள் விளங்கும். சிவப்பு வட்டத்துக்குள் வேக எண் என்றால் இரு நாட்டிலும் கட்டளைதான். அதற்குக் கீழ்ப்படியுங்கள், ஊருக்கு ஊர் அது மாறும். மாற்றுப்பாதை என்று பலகை கண்டால் அங்கே வீதி வேலை நடக்கிறது, எதிர்ப்பக்க ஓடுபாதைக்கே உங்களைத் திருப்பி விடக்கூடும்.

சுங்கச்சாவடியில் என்ன செய்ய வேண்டும்?

நாம் பழகியதுபோல ஏறும் இடத்தில் சீட்டு எடுத்து இறங்கும் இடத்தில் காசு கொடுப்பது தேசிய நெடுஞ்சாலையில் இல்லை. வழியில் வரும் ஒவ்வொரு சாவடியிலும் தனித்தனிக் கட்டணம். சென்னையிலிருந்து திருச்சிக்குள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று அடுத்தடுத்து வரும்.

முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லையிலிருந்து கட்டணம் தானாகக் கழியும். 2021 பெப்ரவரியிலிருந்து இது கட்டாயம். அது இல்லாமலோ பணம் தீர்ந்தோ போனால் சிக்கல்: 2025இல் வந்த விதி, காசாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யூ.பி.ஐ. (இந்தியர்களின் கைப்பேசிப் பணமாற்று முறை) மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று வைத்தது. நமக்கு யூ.பி.ஐ. இருக்காது. வாகனத்தை எடுக்கும்போதே வில்லையில் எவ்வளவு பணம் இருக்கிறது, குறைந்தால் யார் போடுவது என்று பேசி முடியுங்கள்.

கூகுள் மேப் இருக்க இதெல்லாம் எதற்கு?

மேப்பும் வேண்டும். கொழும்பிலேயே தமிழக வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலத்தின் மேல் போகிறீர்களா, பக்கத்து அணுகுசாலையில் போகிறீர்களா என்று அதற்குப் பல தடவை பிடிபடாது. இரண்டும் சில மீற்றர் தூரத்தில் ஓடுகின்றன. அந்த இடத்தில் முடிவு எடுக்க வேண்டியது பலகையைப் பார்க்கும் உங்கள் கண்தான். பக்கத்தில் இருப்பவரிடம் இலக்கத் தாளைக் கொடுத்து, அடுத்த எண்ணையும் அடுத்த ஊரையும் உரத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு வழியை முழுவதுமாகச் சொல்லுங்கள்.

கொழும்பிலிருந்து நம்மவர் பலர் இறங்கும் திருச்சி விமான நிலையத்திலிருந்து வேளாங்கண்ணி. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது, அது என்எச் 336. வெளியே வந்து நகரப் பக்கம் திரும்பினால் டி.வி.எஸ். டோல்கேட்டில் 38 புறவழிச்சாலை. அதில் சென்னைப் பக்கம் சிறிது தூரம் போனால் பால்பண்ணைச் சந்தி. அங்கிருந்து தஞ்சாவூர்ச் சாலை, என்எச் 83. துவாக்குடி, தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் 83. தஞ்சாவூர்வரை நான்கு வழி. நாகப்பட்டினத்தில் 83 முடிந்து கடற்கரைப் பாதை 32 குறுக்கே வரும்.

அந்த 32இல் தெற்கே திரும்பினால் வேளாங்கண்ணி, வடக்கே திரும்பினால் நாகூர். இரண்டுக்கும் எண் ஒன்றே. ஆகவே இங்கே எண்ணை விட்டு ஊர்ப்பெயரைப் பார்க்க வேண்டும். தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 336, 38, 83, 32 தெற்கு.

வழியில் வாகனம் நின்றுவிட்டால்?

தேசிய நெடுஞ்சாலையில் எங்கிருந்தும் 1033. நோயாளர் ஊர்தி என்றால் 108. நமது 1990 அங்கே வேலை செய்யாது. பொதுவான அவசர எண் 112.

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லுக்கு நடந்து போய், தலையிலுள்ள பாதை எண், ஊர்ப்பெயர், கிலோமீற்றர் மூன்றையும் வாசித்துச் சொல்லுங்கள். எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுத்தடுப்பு இருக்கும் பாதையில் மறுபக்கம் வந்தவர்கள் உங்களிடம் வந்துசேர நீண்ட தூரம் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.